வரியும் வகுப்பறையும்: சென்னை மாகாண உள்ளாட்சி மன்றங்களில் கல்வி வரி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ்க்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாடத்திட்டம், பயிற்றுமொழி, பாடநூல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றையே மையமாகக் கொள்வர். பள்ளியின் கூரைக்கும் கரும்பலகைக்கும் ஆசிரியரின் மாதச் சம்பளத்திற்கும் யார் பணம் கொடுத்தனர் என்னும் வினா அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. ஆயினும் ஒரு சமுதாயம் எந்தப் பிள்ளைக்குக் கல்வி உரியது என்று கருதியது என்பதனை அதன் பாடநூல்களைக் காட்டிலும் அதன் வரவு செலவுக் கணக்கே தெளிவாகக் காட்டும்.

இக்கட்டுரை, சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இந்திய விடுதலைவரை, உள்ளாட்சி அமைப்புகளின்வழித் தொடக்கக் கல்விக்கு நிதி திரட்ட மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை ஆராய முற்படுகிறது. வீட்டின்மீதும் நிலத்தின்மீதும் விதிக்கப்பட்ட வரிகளே அந்நிதியின் அடிப்படையாகக் கருதப்பட்டன. அவ்வரியை விதிக்கும் உரிமை பெற்றவர்களே அதனைச் செலுத்தவேண்டியவர்களாகவும் இருந்தனர். அதனால் பயன்பெறவேண்டிய பிள்ளைகளின் பெற்றோரோ பெரும்பாலும் வாக்குரிமையற்றோர். இம்முரண்பாடே அக்காலக் கல்வி நிதி வரலாற்றை இயக்கியது என்பது இக்கட்டுரையின் கருத்து. இறுதிப் பகுதியில், அதே காலத்தில் மலாயாவில் தமிழ்ப்பள்ளிகளுக்கு நிதி கிடைத்த முறையோடு இது ஒப்பிட்டு நோக்கப்படுகிறது.

வரிக்கு முந்திய நிலை

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப்புறப் பள்ளிகளைப் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றிற்கு ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சு 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தனவென்றும் மக்கள்தொகை 1,28,50,941 என்றும் காண்கிறோம். ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒரு பள்ளி என்பது இதன் பொருள். இப்பள்ளிகளுக்கு வரிப்பணம் கிடைக்கவில்லை. திண்ணைப் பள்ளியின் ஆசிரியர் பெற்றோர் தரும் பணத்தையும் நெல்லையும் விழாக்கால அன்பளிப்புகளையும் நம்பியே வாழ்ந்தார். ஆகவே, கொடுக்க இயன்றவரின் பிள்ளையே படித்தது. அதிலும் பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலும் வெளியே நின்றனர்.

மன்றோ மாவட்டந்தோறும் வட்டந்தோறும் அரசாங்கச் செலவில் பள்ளிகளை நிறுவத் திட்டமிட்டார். 1827இல் அவர் மறைந்தபின் அத்திட்டம் வலுவிழந்தது. வட்டப் பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன. அரசாங்கக் கருவூலத்திலிருந்து தொடக்கக் கல்விக்குப் பெருந்தொகை வாராது என்பது அப்போதே தெளிவாயிற்று. வேறு வழி தேடவேண்டிய நிலையில்தான் உள்ளூர் வரி என்னும் எண்ணம் தலைதூக்கியது.

கோதாவரியும் 1863ஆம் ஆண்டுச் சட்டமும்

1850களில் இராசமுந்திரி மாவட்டத்தின் துணை ஆட்சியராக இருந்த டெய்லர், நரசாபுரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சார்ந்த குடியானவர்கள் நிலத்தீர்வையுடன் ஒரு சிறுதொகையைச் சேர்த்துச் செலுத்தித் தங்கள் ஊர்ப் பள்ளியை நடத்துமாறு செய்தார். கோதாவரி அணைக்கட்டால் வேளாண்மை செழிக்கத் தொடங்கிய பகுதி அது. அங்கு அமைந்த பள்ளிகள் வரிப்பள்ளிகள் என்று அழைக்கப்பட்டன.

இவ்வெற்றியைக் கண்ட அரசாங்கம் 1863இல் சென்னைக் கல்விச் சட்டத்தை இயற்றியது. ஓர் ஊர் மக்கள் தாமே விரும்பி வேண்டினால் அவ்வூரில் கல்விக்கென வரி விதிக்கலாம் என்பது அதன் சாரம். கோதாவரிப் பகுதியில் உயிருடன் இருந்த முறை பிற மாவட்டங்களில் வேரூன்றவில்லை. சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. இதற்குக் காரணம் காண்பது அரிதன்று. கோதாவரியில் பாசனத்தால் உபரி விளைச்சல் இருந்தது. மழையை நம்பிய மாவட்டங்களில் நிலத்தீர்வையே பெருஞ்சுமை. மேலும், தானே விரும்பி ஏற்கும் வரி என்பது ஊரில் செல்வாக்குள்ள சிலருடைய விருப்பத்தையே இறுதியில் சார்ந்திருக்கும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஏற்கெனவே திண்ணைப் பள்ளியோ வீட்டு ஆசிரியரோ இருக்கும்பொழுது, பிறர் பிள்ளைகளுக்காக வரி கேட்டு விண்ணப்பிக்க அவர்கள் முன்வருவதற்குரிய தூண்டுதல் குறைவு.

1871: வீட்டு வரியும் எதிர்ப்பும்

1870 டிசம்பரில் மேயோ பிரபு வெளியிட்ட நிதிப் பகிர்வுத் தீர்மானம், கல்வி, மருத்துவம், சாலை முதலிய துறைகளின் செலவை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. ஒப்படைக்கப்பட்ட தொகை போதாமையால் மாகாணங்கள் உள்ளூர் வரிகளை நாடின. சென்னையில் 1871இல் நகர மேம்பாட்டுச் சட்டமும் உள்ளூர் நிதிச் சட்டமும் நிறைவேற்றப்பட்டன. உள்ளூர் நிதிச் சட்டம் நிலத்தின்மீது மேல்வரியையும் சாலைகளில் சுங்கக் கட்டணத்தையும் அனுமதித்ததோடு, பள்ளிகளுக்கென வீடுகளின்மீது வரி விதிக்கவும் இடமளித்தது.

இவ்வீட்டு வரி மக்களிடையே கடும் வெறுப்பைத் தோற்றுவித்தது. பரவலாக நிலைபெறாமலே கைவிடப்பட்டது. நிலத்தீர்வைக்கு நீண்டகால மரபு உண்டு. விளைச்சலில் ஒரு பங்கை அரசுக்குக் கொடுப்பது குடியானவன் அறிந்த ஒன்று. வீடு விளைவதில்லை. கூரை வேய்ந்த குடிசைக்கும் அயலார் ஒருவர் வந்து மதிப்புப் போடுவதும், அப்பணம் எங்கே போகிறது என்று கேட்க இடமில்லாதிருப்பதும் வெறுப்புக்குக் காரணமாயின. அக்கால உள்ளூர் நிதி வாரியங்கள் நியமன உறுப்பினர்களையும் அரசு அலுவலர்களையும் கொண்டவை. வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தவை அல்ல. கலந்தாய்வின்றி விதிக்கப்பட்ட வரி, நல்ல நோக்கத்திற்கே ஆயினும், நிலைக்கவில்லை.

வாக்குரிமை வந்த பின்னர்

1882 மே 18ஆம் நாள் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானமும், அதே ஆண்டில் அமைக்கப்பட்டு மறு ஆண்டு அறிக்கை அளித்த ஹண்டர் கல்விக் குழுவும் ஒன்றோடொன்று இணைத்து நோக்கத்தக்கவை. தொடக்கக் கல்வியை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, அதற்கெனத் தனி நிதி ஒதுக்கவேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1884இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிச் சட்டமும் உள்ளாட்சி வாரியச் சட்டமும் இயற்றப்பட்டன. மாவட்ட வாரியம், வட்ட வாரியம், சிற்றூர்களின் ஒன்றியம் என மூன்றடுக்கு அமைப்பு உருவாயிற்று.

இப்பொழுது மன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் அமர்ந்தனர். ஆனால் வாக்குரிமை வரி செலுத்தும் தகுதியோடு கட்டுண்டிருந்தது. நகராட்சி உறுப்பினர்கள் வணிகர், வழக்குரைஞர், வீட்டு உடைமையாளர், நிலக்கிழார் ஆகிய பிரிவினராகவே பெரும்பாலும் இருந்தனர். நகராட்சியின் சொத்து வரி, வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. பல வீடுகளை உடையவர் அதிக வரி செலுத்துவர். அவர் பிள்ளை நகராட்சித் தொடக்கப் பள்ளிக்குச் செல்வது அரிது. ஆக, 1871இல் வரி இருந்தது, பேராட்சி இல்லை. 1884க்குப் பின்னர்ப் பேராட்சி இருந்தது. அது வரி செலுத்துவோரின் பேராட்சியாக மட்டுமே இருந்தது. குடிநீர், வடிகால், சாலை, விளக்கு ஆகியன வரி செலுத்துவோர் அனைவரும் தாமே நுகரும் வசதிகள். பள்ளியோ பிறர் பிள்ளைக்கு உரியது. வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக்கு இடம் குறுகியதன் காரணம் இதுவே எனலாம்.

கோகலே எழுப்பிய வினா

1910 மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே, தொடக்கக் கல்வியைக் கட்டாயமாகவும் இலவசமாகவும் ஆக்குவது குறித்து மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1911 மார்ச்சு 16ஆம் நாள் அதனை ஒரு மசோதாவாகவே முன்வைத்தார். உள்ளாட்சிகள் விரும்பினால் 6 முதல் 10 வயதுவரையுள்ள சிறுவர்களுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். அதற்கெனக் கல்வி வரி விதிக்கலாம். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கமும் ஒரு பங்கை உள்ளாட்சியும் ஏற்கவேண்டும் என்பன அதன் முக்கியக் கூறுகள்.

உள்ளாட்சிகள் கூடுதல் வரிக்கு ஆயத்தமாக இல்லை, கட்டாயக் கல்விக்கு மக்களிடையே வேட்கை இல்லை, மாகாண அரசுகள் இதனை விரும்பவில்லை என்பன அரசாங்கத்தின் மறுப்புகள். 1912 மார்ச்சு 19ஆம் நாள் மசோதா 13க்கு 38 என்னும் வாக்குகளில் தோற்றது. தோற்றாலும், அரசாங்கமும் உள்ளாட்சியும் கல்விச் செலவை எந்த விழுக்காட்டில் பகிர்ந்துகொள்வது என்னும் வினாவை அது பொதுவெளியில் நிலைநாட்டிவிட்டது. 1918இல் பம்பாய் மாகாணத்தில் வித்தல்பாய் பட்டேலின் முயற்சியால் நகராட்சிப் பகுதிகளுக்கான கட்டாயக் கல்விச் சட்டம் நிறைவேறியது. ஏனைய மாகாணங்கள் தொடர்ந்தன.

1920ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் உள்முரணும்

சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இல் வந்தது. உள்ளாட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றி, அரசாங்கத்தின் இசைவு பெற்று, ஏற்கெனவே வசூலிக்கப்படும் சொத்து வரி, தொழில் வரி, நில மேல்வரி முதலியவற்றின்மீது ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டைக் கல்வி வரியாக விதிக்கலாம். அவ்வாறு திரளும் தொகைக்கு ஈடான தொகையை அரசாங்கம் வழங்கும். இவையனைத்தும் தொடக்கக் கல்வி நிதி என்னும் தனிக் கணக்கில் வைக்கப்படவேண்டும். மாவட்டந்தோறும் கல்விக் குழுக்களும் அமைக்கப்பட்டன.

ஈட்டுத்தொகை முறை உள்ளாட்சிகளை ஊக்குவிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஒரு ரூபாய் வரி விதித்தால் இரண்டு ரூபாய்ப் பள்ளி கிடைக்கும் என்பது கவர்ச்சியான கணக்கே. ஆனால் அக்கணக்கினுள் ஓர் அநீதி மறைந்திருந்தது. வாடகை மதிப்பு உயர்ந்த நகரமும் நன்செய் நிறைந்த ஆற்றுப்படுகை மாவட்டமும் குறைந்த விழுக்காட்டிலேயே பெருந்தொகை திரட்டும். அதற்கு ஈடான அரசுப் பணமும் அங்கேயே செல்லும். வானம் பார்த்த பூமியைக் கொண்ட வட்டம் எவ்வளவு முயன்றாலும் சிறுதொகையே திரளும். அரசாங்கமும் அதே சிறுதொகையைத்தான் கொடுக்கும். எங்குப் பள்ளி மிகுதியாக வேண்டுமோ அங்குப் பணம் குறைவாகச் சென்றது. உள்ளூர்ச் சொத்தின் மதிப்பையே கல்விக்கு அளவுகோலாகக் கொள்ளும் எந்த முறைக்கும் இக்குறை பொருந்தும்.

மேலும், இரட்டை ஆட்சி முறையில் கல்வித்துறை இந்திய அமைச்சரிடமும் நிதித்துறை ஆளுநரின் நிருவாகக் குழுவிடமும் இருந்தன. பள்ளி வேண்டும் என்று சொல்லும் அமைச்சரிடம் பணப்பெட்டியின் திறவுகோல் இல்லை.

ஓர் அணாவின் வரலாறு

1920 செப்டம்பர் 16ஆம் நாள் சென்னை மாநகராட்சி மன்றம் நிறைவேற்றிய தீர்மானம் ஈண்டு விரிவாக நோக்கத்தக்கது. பி. தியாகராயச் செட்டியார் மன்றத் தலைவராக இருந்த காலம் அது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் மிக ஏழைகள். உணவின்மையால் பள்ளியின் வருகை குன்றுகிறது. ஆகவே, ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் நண்பகல் சிற்றுண்டி வழங்கலாம் என்று மன்றம் இசைந்தது. அப்பள்ளியில் அப்போது 165 மாணவர்கள் இருந்தனர். பின்னர் மேலும் 4 பள்ளிகளுக்கு இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. இப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922-23இல் 811 ஆக இருந்து 1924-25இல் 1,671 ஆக உயர்ந்தது.

இவ்வளவு வெளிப்படையான பயன் தந்த திட்டம் 1925 ஏப்ரல் 1ஆம் நாளிலிருந்து நிறுத்தப்பட்டது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அரசாங்கம் ஏற்கவில்லை என்பதே காரணம். கல்விக்கென்று திரட்டிய பணத்தில் ஆசிரியர் சம்பளம் கொடுக்கலாம், பலகை வாங்கலாம். சோறு கல்வியாகாது என்பது கணக்காயரின் பார்வை. பசித்த பிள்ளைக்குச் சோறும் கல்வியின் பகுதியே என்பது மன்றத்தின் பார்வை. உள்ளாட்சிக்கு வரி விதிக்கும் கடமை கொடுக்கப்பட்டது. அவ்வரியை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. 1927இல் 25 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,000 ஏழை மாணவர்களுக்கென இத்திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் மாநில அளவில் செயற்படுத்திய உணவுத் திட்டங்களுக்கு இம்மன்றத் தீர்மானமே முன்னோடி எனலாம்.

பொதுப்பணமும் மூடிய கதவும்

நிதி கிடைத்த இடங்களிலும் அதன் பயன் அனைவரையும் சென்று சேரவில்லை. உள்ளாட்சிப் பள்ளிகள் பல, அக்கிரகாரத்திலோ மேற்சாதியினர் தெருவிலோ கோயில் மண்டபத்திலோ நடந்தன. ஆதிதிராவிடப் பிள்ளைகள் அவ்விடங்களுக்குள் நுழையவே இயலாது. அவர்களுக்காக அரசாங்கத்தின் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளை நடத்தவேண்டியதாயிற்று. நிலத்தில் உழைத்தவரின் உழைப்பிலிருந்தே நில மேல்வரி பிறந்தது. அவ்வரியால் நடந்த பள்ளியின் வாயில் அவ்வுழைப்பாளியின் பிள்ளைக்குத் திறக்கவில்லை. சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் முதலியோர் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுப் பள்ளி ஆகியவற்றுக்கான உரிமையை வலியுறுத்தியது, பொதுப்பணத்தால் நடப்பன பொதுவாக இருத்தல்வேண்டும் என்னும் அடிப்படையிலேயாம்.

1929இல் வெளிவந்த ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை, தொடக்கப் பள்ளியில் சேர்வோருள் மிகப் பலர் எழுத்தறிவு நிலைபெறுமுன்னரே விலகிவிடுவதையும் ஒரே வகுப்பில் தேங்குவதையும் சுட்டி, கல்வி நிருவாகத்தை உள்ளாட்சிகளிடம் அளவிறந்து ஒப்படைத்தமையையும் குறைகூறியது. விடுதலைக்குப் பின்னர் 1958ஆம் ஆண்டுச் சட்டங்களின்வழி மாவட்ட வாரியங்களின் தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் சென்றன. 1981 ஜூன் 1 முதல் அவ்வொன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாநில அரசு ஊழியர்களாயினர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்னும் பெயர்ப்பலகை நிலைத்தது. சம்பளப் பொறுப்பு மாநிலக் கருவூலத்திற்கு மாறியது. உள்ளூர்ச் சொத்தின் அளவைப் பொறுத்துப் பிள்ளையின் கல்வி அமையும் நிலையிலிருந்து விலகுவதற்கு நூறாண்டுக்கு மேலாயிற்று.

மலாயாவுடன் ஓர் ஒப்பீடு

மலாயாவில் 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கியதை நாம் அறிவோம். நீரிணைக் குடியேற்றங்களின் நகரங்களில் வீட்டு மதிப்பின் அடிப்படையிலான நகராட்சி வரி இருந்தது. 1909இல் அமைந்த கல்வி வாரியத்திற்குக் கல்வி வரியும் ஒரு வருவாய் வழியாயிற்று. ஆயின் அதன் கவனம் முதன்மையாக ஆங்கிலப் பள்ளிகள்மீதே இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் வாழ்ந்த தோட்டங்கள் நகராட்சி எல்லைக்கு வெளியே கிடந்தன. அங்கு வரியும் இல்லை, மன்றமும் இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரையுள்ள 10 பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் பொறுப்பை முதலாளியிடம் விட்டது. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்த பள்ளிகளும் உண்டு.

சென்னை மாகாணத்து மன்றங்களில் ஏழைப் பெற்றோர் இல்லை. ஆனால் அங்கு ஒரு விவாதம் நடந்தது, தீர்மானம் எழுதப்பட்டது, தோற்ற தீர்மானம் மறுமுறை வந்தது. தோட்டத்துப் பள்ளியின் நிதி, துரையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அதைப்பற்றி வினவுவதற்குரிய மன்றமே இல்லை. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபொழுது, பல பள்ளிகள் தமக்குச் சொந்தமில்லாத நிலத்தில் நிற்பது வெளிப்பட்டது. முழு உதவி பெறும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி என்னும் பிரிவு, அன்று நிதிப்பொறுப்பு யாரிடம் விடப்பட்டது என்பதன் நேரடி எச்சமாகும்.

விடுதலை பெற்ற மலேசியாவில் கல்வி கூட்டரசின் பொறுப்பு. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியையே பரிந்துரைத்தது. எனினும் 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையையே உறுதிசெய்தது. அச்சட்டத்தின்கீழ் வசூலிக்கப்படும் மதிப்பீட்டு வரிக்கும் பள்ளிக்கும் உள்ள தொடர்பு, பொதுப் பள்ளிக் கட்டடத்திற்கு மாநில அரசு விரும்பினால் வரிவிலக்கு அளிக்கலாம் என்னும் அளவில் நிற்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, கலந்தாய்வின்றி விதிக்கப்படும் கல்வி வரி நிலைப்பதில்லை. 1871ஆம் ஆண்டு வீட்டு வரி இதற்குச் சான்று. இரண்டாவது, கலந்தாய்வு மட்டும் போதாது. மன்றத்தில் யார் அமர்கின்றனர் என்பதனைப் பொறுத்தே பள்ளிக்குரிய பங்கு அமையும். மூன்றாவது, உள்ளூர்ச் சொத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட நிதி ஏற்றத்தாழ்வை வளர்க்கும். மேலிருந்து வரும் நிதி அதனைச் சமன்செய்யாவிடில் ஏழை ஊர் ஏழைப் பள்ளியையே பெறும்.

தமிழாசிரியர்களுக்கு இவ்வரலாறு அயலான ஒன்றன்று. பள்ளி மேலாளர் வாரியக் கூட்டத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் கட்டட நிதி பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும், 1863ஆம் ஆண்டுச் சட்டம் எழுப்பிய அதே வினாவையே நாம் எதிர்கொள்கிறோம்: பிறர் பிள்ளையின் கல்விக்கு யார் பொறுப்பு? தம் பிள்ளைகள் பயிலாத ஒரு பள்ளியின் ஏழை மாணவர்களுக்காக நாளொன்றுக்கு ஓர் அணா ஒதுக்கிய மன்றம் அதற்கு ஒரு விடை கூறியது. அவ்விடையை ஏற்கக் கணக்கு விதிகள் மறுத்தன, காலம் ஏற்றுக்கொண்டது.